மூன்று சாயத்தின் மேல் நான்காவது: பட்டர்வொர்த்தில் ஒரு மோரிஸ் மைனர்

வண்டி 1964ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000. நான்கு கதவு, 1098 சிசி எஞ்சின், ‘பி’ எழுத்தில் தொடங்கும் பினாங்குப் பதிவெண். மலேசியாவில், பட்டர்வொர்த்தின் பாகான் டாலாம் பக்கம் எங்கள் வரிசையில் இருக்கும் ஓர் அண்ணனுடையது. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எஞ்சினை அவரே பிரித்து மாட்டுவார். சாயம்தான் அவருக்குக் கைவராத வித்தை. கிரீம் நிறச் சாயம் விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டியது, பானெட்டில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு, கதவுகளுக்குக் கீழே ஓடும் சட்டத்தில் கொப்புளம். தகரம் வரை உரித்து முழுதாக அடிக்கப் பட்டறையில் சொன்ன விலை, அவர் காரை வாங்கிய விலையைத் தாண்டியது. பழைய சாயத்தின் மேலேயே வீட்டில் அடிப்பது என்று முடிவானது. துணைக்கு அவருடைய மச்சான் வந்தார். பிறை என்ற ஊரில் ஒரு சாயப் பட்டறையில் பல காலம் வேலை செய்தவர். நான் எடுபிடி, கூடவே குறிப்பெழுதுகிறவன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய சாயத்தை முழுதாக விட்டுவைத்த பேனல்கள் நன்றாக இருக்கின்றன. முழுதாக உரித்த பேனல்களும் நன்றாக இருக்கின்றன. பாதி உரித்து பாதி விட்ட பேனல்தான் மழைக்காலம் முடிந்ததும் கோடு கோடாகக் காட்டிக்கொடுத்தது. பழைய சாயத்தின் மேல் அடிக்கலாமா கூடாதா என்று எல்லோரும் மொத்தக் காரை வைத்து வாதாடுகிறார்கள். இந்த வண்டியைப் பார்த்த பிறகு, பேனல் பேனலாகத்தான் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது.

மோரிஸ் மைனருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 1948இல் அறிமுகமாகி 70களின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி இது. முன் மட்கார்ட் மட்டுமில்லை, பின் மட்கார்டும் போல்ட் போட்டு மாட்டியதுதான். இடையில் ஒரு ரப்பர் விளிம்பு ஓடும். கதவு, பானெட், பூட் மூடி எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும். ஒவ்வொன்றுக்கும் தனி வைத்தியம் செய்ய வசதியான வண்டி.

அடியில் என்ன இருக்கிறது

மச்சான் முதல் நாள் ஸ்ப்ரே கன்னைத் தொடவே இல்லை. பூட் மூடியின் ஓரத்தில் ஒரு நாணய அளவு இடத்தை 400 நம்பர் சேண்ட் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டே போனார். மேலே கிரீம், அதன் கீழே சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு), அப்புறம் கருஞ்சிவப்பு, மீண்டும் ஒரு பிரைமர், எல்லாவற்றுக்கும் அடியில் நீலம் கலந்த சாம்பல். அந்தக் கடைசிச் சாம்பல் தொழிற்சாலைச் சாயமாக இருக்க வேண்டும். மைனருக்கு அப்போது வந்த ‘ஸ்மோக் கிரே’ நிறத்தோடு ஒத்துப்போனது. அண்ணனுக்கே இது செய்தி. “இது சிவப்பு காடியா இருந்துச்சா?” என்று கேட்டார்.

அடுத்தது தின்னர் சோதனை. பஞ்சை என்.சி. தின்னரில், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் சாயத்தைக் கரைக்கும் திரவத்தில், நனைத்து, சாயத்தின் மேல் சற்று நேரம் வைத்து, எடுத்துப் பார்ப்பது. லாக்கர் வகைச் சாயம் எத்தனை வருடம் ஆனாலும் தின்னரில் திரும்பக் கரையும், பஞ்சில் நிறம் ஏறும். எனாமல் கரையாது. ஆனால் ஊறி, சுருங்கி, தோல் மாதிரி எழும்பும். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே சாயம் நன்றாக இறுகியிருந்தால் அதில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது.

இந்த வண்டி மூன்று விதமாகவும் பதில் சொன்னது. பானெட், பூட், கூரை ஆகியவற்றில் கிரீம் அசையவில்லை. கதவுகளில் அதே கிரீம் சுருங்கி எழும்பியது. பார்வைக்கு ஒரே நிறம், உள்ளே வேறு வேறு சாயம். எப்போதோ ஒரு பட்டறையில் மேல்பகுதியையும், இன்னொரு கையில் கதவுகளையும் அடித்திருக்கிறார்கள். பூட்டில் தேய்த்து வெளிக்கொண்டுவந்த கருஞ்சிவப்பு பஞ்சை வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஆக்கிவிட்டது. மச்சான் முகம் அப்போதுதான் சுருங்கியது. பழைய சிவப்புச் சாயங்கள் சிலவற்றில் இருக்கும் நிறமி கரைப்பானில் கரையக்கூடியது. அதன் மேல் வெளிர் நிறம் அடித்தால் தின்னர் அந்தச் சிவப்பை இழுத்து மேலே கொண்டுவரும். எத்தனை கோட் அடித்தாலும் கிரீம் இளஞ்சிவப்பாகிக்கொண்டே இருக்கும். முதல் கிரீம் அடித்தவர் எப்படியோ தப்பித்திருக்கிறார். சாம்பல் பிரைமர் தடுத்திருக்கலாம்.

ஒட்டுதலைப் பார்க்க, கட்டர் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் ஆறு ஆறு கோடு கீறி, டேப் ஒட்டிப் பிய்த்தெடுக்கும் வழி உண்டு. ஐ.எஸ்.ஓ. 2409 என்ற தரநிலை அதற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறது. சதுரம் ஒன்றும் பெயராவிட்டால் 0. படலம் தடிக்கத் தடிக்கக் கோடுகளுக்கு இடையே இடைவெளி கூட வேண்டும். 250 மைக்ரானுக்கு மேல் இந்த முறை பொருந்தாது. கூரையிலும் பூட்டிலும் 3 மி.மீ. இடைவெளியில் கீறினோம், ஒரு சதுரமும் அசையவில்லை. கதவிலும் அப்படியே. பானெட்டில் தடிமன் அளக்கும் கருவி 400 மைக்ரானைத் தாண்டியதால், பெருக்கல் குறி போல இரண்டே வெட்டுப் போட்டோம். பின்பாதியில் தாங்கியது. முன்பாதியில், வெடிப்பு இருந்த இடத்தில், டேப்போடு கிரீமும் சாம்பலும் சேர்ந்து பெயர்ந்து வந்தன.

காந்தம் வைத்துப் பார்த்ததில் இடது பின் மட்கார்டில் ஒரு கையளவு இடத்தில் ஒட்டவே இல்லை. உள்ளே கனத்த பட்டி. அதை முழுதாக உரிப்பது என்று அங்கேயே முடிவானது. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. உரித்தோம், தட்டி நிமிர்த்தினோம், மெல்லிய பட்டி பார்த்தோம், நன்றாக வந்தது.

தூசியும் ஈயமும்

60களின் கார்ச் சாயத்திலும் பிரைமரிலும் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். மஞ்சள், சிவப்பு, பச்சை நிறமிகள் பலவற்றில் ஈயக் குரோமேட் சேர்ப்பது அப்போது வழக்கம். துருவைத் தடுக்கும் சிவப்புப் பிரைமரிலும் ஈய ஆக்சைடு போடுவார்கள். அந்த வீட்டில் பேரப் பிள்ளைகள் ஓடியாடும் போர்ச்சில்தான் வேலை. அதனால் பழைய சாயத்தை உலர வைத்துத் தேய்ப்பதே இல்லை என்று வைத்துக்கொண்டோம். தண்ணீர் விட்டுத் தேய்த்து, சேற்றைத் துணியால் வழித்து, காயவைத்துப் பையில் கட்டினோம். விளக்குமாறுக்குத் தடை. வடிகாலில் ஊற்றவும் தடை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பாலியெஸ்டர் பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கக் கூடாது. அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மேலே சாயம் இறுகிய பிறகு கொப்புளமாகத் திருப்பித் தரும். எனவே பழைய சாயம் ஈரத்தில், புதிய பட்டி உலர்ந்த நிலையில் என்று இரண்டையும் பிரித்தோம். பட்டியை 180இல் தொடங்கி 240 வரை உலரத் தேய்க்கும்போது முகமூடி, பிள்ளைகள் வீட்டுக்குள். அதற்குள் சுற்றிலும் இருந்த பழைய சாயத்தின் வேலை முடிந்திருக்க வேண்டும். வரிசை மாறினால் இரண்டு தூசியும் கலந்துவிடும்.

டூ-கே வேண்டாம் என்றது ஏன்

அண்ணனின் மகன் கோலாலம்பூரில் இருக்கிறார். டூ-கே சாயம், மேலே நிறமில்லாத டூ-கே கிளியர், கண்ணாடி மாதிரி பளபளப்பு என்று போனில் அடம்பிடித்தார். பட்டறையில் அப்படித்தான் அடிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் வழக்கமான டூ-கே சாயத்தின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஸ்ப்ரே புகையாக அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு அது ஒவ்வாமையாகிவிட்டால், பிறகு துளியளவு பட்டாலும் மூச்சு இழுக்கும். ஹார்ட்வேர் கடையில் விற்கும் கார்பன் குப்பி முகமூடியை நம்ப முடியாது. குப்பி தீர்ந்துவிட்டதா என்று நாம் வாசனையை வைத்துத்தான் அறிகிறோம், ஐசோசயனேட் ஆபத்தான அளவை எட்டிய பிறகும் மூக்குக்குத் தெரியாது. வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடிதான் அதற்குச் சரி. அது எங்களிடம் இல்லை. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையில் பக்கத்துப் போர்ச்சில் நிற்பவரிடமும் இல்லை.

மச்சானே இதில் உறுதியாக நின்றார். “நான் அப்ப வெறும் கைக்குட்டை கட்டிக்கிட்டு அடிச்சேன் தம்பி, கூட வேலை செஞ்சவங்க இருமல ஞாபகம் இருக்கு” என்றார். அதற்கு மேல் மகன் பேசவில்லை.

தேர்ந்தெடுத்தது இது: அடியில் எபோக்சி பிரைமர், நடுவில் தேய்த்துச் சமமாக்க என்.சி. சர்ஃபேஸர், மேலே ஒரே கட்டமாக என்.சி. கிரீம், கிளியர் கிடையாது. 60களின் மைனருக்குக் கிளியர் இருந்ததே இல்லை. திட நிறத்தைத் தேய்த்து மெருகேற்றினால் வரும் மிதமான பளபளப்புதான் அந்தக் கால முகம். டூ-கே கிளியர் அடித்த மைனர்கள் எனக்கு ஈரம் காயாதவை போலவே தெரிகின்றன, அது என் ரசனை. என்.சி. சாயத்தின் குறையையும் சொல்ல வேண்டும். வெயிலுக்கும் பெட்ரோல் சிந்தினாலும் தாங்காது, அவ்வப்போது பாலிஷ் கேட்கும். போர்ச்சிலேயே நிற்கும் காருக்கு அது பெரிய குறையில்லை. நிறத்தை மாற்றினால் ஜே.பி.ஜே.வில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவைத் திருத்தும் வேலையும் சேரும் என்பதால் கிரீமே தொடர்ந்தது.

பழைய சாயத்துக்கும் புதியதற்கும் நடுவே எபோக்சியை வைத்ததற்குக் காரணம் கதவுகள். கதவின் உட்புற ஓரத்தில் சோதனைக்காக என்.சி. பிரைமரை நேரடியாக அடித்துப் பார்த்தோம். சில நிமிடத்தில் கிரீம் எனாமல் முதலையின் முதுகு மாதிரி சுருங்கி நின்றது. தின்னரில் உள்ள டொலுவீன் போன்ற கரைப்பான்கள் பழைய எனாமலுக்குள் இறங்கி அதை ஊதவைக்கின்றன. ஊதியது பக்கவாட்டில் விரிய இடம் இல்லாமல் மேலே மடிகிறது. லாக்கரின் மேல் எனாமல் அடிக்கலாம், எனாமலின் மேல் லாக்கர் கூடாது என்று பட்டறைகளில் சொல்வது இதனால்தான். இறுகிய எபோக்சி அந்தக் கரைப்பானைக் கீழே இறங்க விடாது. பூட்டில் சிவப்பு மேலே ஏறாமலும் அதுவே தடுக்கும். அதன் ஹார்டனர் அமீன் வகை, ஐசோசயனேட் இல்லை. ஆனாலும் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் கையுறை கழற்றவே இல்லை, குப்பி முகமூடியும் கட்டாயம்.

பாகான் காற்றில் என்.சி. அடிப்பது

பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள். செப்டம்பர், அக்டோபரில்தான் கொட்டும். பொங்கல் முடிந்ததும் தொடங்கி, தைப்பூசத்துக்கு ஓய்வு விட்டு, அப்புறம் மீதியை முடிப்பது என்று வைத்துக்கொண்டோம். அந்த மாதங்களிலும் காலை நேரக் காற்று ஈரமாகத்தான் இருக்கும்.

என்.சி. சாயத்துக்கு ஈரம் எதிரி. தின்னர் ஆவியாகும்போது தகரத்தைக் குளிர்விக்கிறது. அந்தக் குளிர் பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே போனால் காற்றிலிருக்கும் நீர் சாயத்தின் மேல் படிந்து, பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். சாயத் தொழிலில் பொதுவாக, பரப்பின் வெப்பம் பனிநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பார்கள். காலை எட்டு மணிக்கு 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனிநிலை ஏறக்குறைய 25. இடைவெளி 3கூட வரவில்லை. நண்பகலில் 32 டிகிரி, 65 சதவீதம் என்றால் பனிநிலை 24.6. இப்போது இடைவெளி 7க்கு மேல். ஆகவே பத்து மணிக்கு முன் கன்னைத் தூக்குவதில்லை, மூன்று மணிக்கு மேல் புதிய கோட் கிடையாது. மேகம் கூடிய ஒரு மதியத்தில் கூரை லேசாக வெளுத்தது. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மட்டும் மெல்லிய மூட்டமாக அடித்ததும் தெளிந்துவிட்டது. எல்லாக் கோட்டிலும் ரிடார்டரைத் தாராளமாக ஊற்றினால் சாயம் வாரக்கணக்கில் இறுகாது, அதுவும் வேண்டாம்.

கம்ப்ரஸர் இன்னொரு நீர் ஊற்று. ஈரக்காற்றை அழுத்தினால் தொட்டிக்குள் தண்ணீர் தேங்கும், அது குழாய் வழியாகக் கன்னுக்கு வரும். தொட்டியின் அடி வால்வைத் தினமும் திறந்துவிட வேண்டும், குழாயில் நீர் பிடிப்பானும் வேண்டும். கன் 1.4 மி.மீ. முனை, தூரம் ஒரு சாண் அளவு, ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். இவை கைப்பழக்கம், எழுதி வராது.

மீன்கண் விழுந்தது சமையலறையாலோ என்னவோ. பூட்டின் முதல் கிரீம் கோட்டில் சின்னச் சின்னப் பள்ளங்கள், சாயம் விலகி நின்றது. பழைய பாலிஷிலிருந்த சிலிக்கோனாக இருக்கும் என்று மச்சான் சொன்னார். டயர் பளபளக்க அடிக்கும் ஸ்ப்ரேயாகக்கூட இருக்கலாம். போர்ச் ஜன்னலுக்கு நேர் உள்ளே வடைச்சட்டி கொதித்துக்கொண்டிருந்ததையும் நான் குறித்து வைத்திருக்கிறேன். எண்ணெய் நீக்கியால் துடைத்து மீண்டும் அடித்தபோது ஜன்னலையும் சாத்தினோம். இரண்டில் எது காரணம் என்று பிரிக்க முடியாமல் போனது அதனால்தான். அந்த வீட்டு அக்கா இன்றுவரை வடைமேல் பழி போட விடுவதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அடிப்பதையும் நிறுத்திவைத்தோம். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். கதவுக்கு அந்தப் பக்கம் சாமி மேடையில் விளக்கு எரியும்.

பானெட்டின் நடுக்கோடு

விவாதம் வந்தது பானெட்டில்தான். முன்பாதி பெயர்கிறது, பின்பாதி தாங்குகிறது. தாங்குவதை ஏன் உரிக்க வேண்டும் என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. மச்சானும் ஒப்புக்கொண்டார். முன்பாதியைத் தகரம் வரை தேய்த்து, நடுவில் பழைய சாயத்தின் விளிம்பை 180, 240, 320 என்று சரிவாக இழைத்து, விரலுக்குத் தட்டாமல் செய்தார். அந்த இழைப்பு அழகாக இருந்தது. கிரீம், சாம்பல், சிவப்பு, சாம்பல் என்று மரத்தின் வளையங்கள் போல ஒன்றுக்குள் ஒன்று. அதன் மேல் எபோக்சி, சர்ஃபேஸர், 600இல் தேய்ப்பு, கிரீம். மெருகேற்றியபோது கண்ணாடி மாதிரி சமம்.

கதவுகள் முழுக்கப் பழைய எனாமலோடு எபோக்சிக்குள் போயின. கூரையும் பூட்டும் அப்படியே. முன் மட்கார்டுகளைக் கழற்றி, உள்பக்கத்தில் துரு இருந்ததால் மொத்தமாக உரித்தோம். பக்கச் சட்டத்தில், அதாவது கதவுக்குக் கீழே ஓடும் சில்லில், கொப்புளங்களை மட்டும் சுரண்டி எபோக்சி அடித்தோம். அங்கே உள்ளிருந்து துரு வருகிறது, வெல்டிங் வேலை பாக்கி என்று எல்லோருக்கும் தெரியும். அது தற்காலிக ஒப்பனை.

மழைக்குப் பிறகு

அக்டோபர் மழை ஓய்ந்து, வண்டியைக் கழுவித் துடைத்து, சாய்ந்த வெயிலில் வைத்துப் பார்த்தோம்.

கதவுகளில் ஒரு குறையும் இல்லை. அதே இடத்தில் கீறிப் பார்க்க அண்ணன் விடவில்லை, உட்புற ஓரத்தில் செய்த சோதனை தேறியது. கூரை நன்று. முன் மட்கார்டு, இடது பின் மட்கார்டு, உரித்த இவை எல்லாம் நன்று. பூட் மூடியின் கைப்பிடிக்கு மேலே இருக்கும் மேட்டில் நூல் போல இளஞ்சிவப்பு. சர்ஃபேஸரைத் தேய்க்கும்போது அந்த மேட்டில் சேண்ட் பேப்பர் எபோக்சியையும் தாண்டி சிவப்பு வரை போயிருக்க வேண்டும். தடுப்பு அறுந்த அகலத்துக்கு அளவாக மட்டும் சிவப்பு ஏறியிருக்கிறது. எபோக்சி மற்ற இடங்களில் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சில்லில் கொப்புளம் திரும்பிவிட்டது. அதை யாரும் துக்கம் விசாரிக்கவில்லை.

பானெட்டில் மட்டும் நடுவே நான்கைந்து மெல்லிய அலைக்கோடுகள். விரலுக்குத் தெரியவில்லை, வெயில் சாய்வாக விழுந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. இழைத்த விளிம்பில் நாங்கள் பார்த்த வளையங்களின் அதே வரைபடம். நடந்தது என்ன என்று மச்சான் உடனே சொன்னார், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. முழுதாக இருக்கும் பழைய படலத்தில் கரைப்பான் மேலிருந்து மட்டுமே நுழைய முடியும், அதுவும் ஒரே சீராக. இழைத்த விளிம்பிலோ ஒவ்வொரு அடுக்கும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. இறுகும் முன்பு எபோக்சியில் இருக்கும் கரைப்பானே அங்கே நுழையப் போதும். சிவப்பு லாக்கர் அதிகம் ஊதும், கிரீம் குறைவாக, பிரைமர் இன்னொரு விதமாக. ஊதிய நிலையில் தேய்த்துச் சமமாக்கினோம். மாதங்கள் போக, கரைப்பான் வெளியேறி, ஒவ்வொன்றும் தன் அளவுக்குச் சுருங்கியது. மேலே என்.சி. சர்ஃபேஸர் வேறு, அதுவும் காயக் காயச் சுருங்கும் சாமான். சர்ஃபேஸருக்கும் கிரீமுக்கும் இடையில் சில வாரம் விட்டிருந்தால் கோடுகள் குறைந்திருக்கும். மறைந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அப்படியென்றால் சின்னப் பழுதுக்குக்கூட முழுப் பேனலையும் உரிக்க வேண்டுமா? கல் பட்டுப் பெயர்ந்த நகக்கண் அளவு இடத்துக்கு வேண்டாம். அடுக்குகள் குறைவாக, ஒரே வகையாக இருந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் மூன்று சாயம் சுமக்கும் பேனலில், அதிலும் நடுவே லாக்கர் இருந்தால், இழைத்த விளிம்பை அகலமான சமதளத்தின் நடுவில் கொண்டுபோய் வைப்பது சரியில்லை. பாதியில் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் பேனலின் மடிப்பிலோ, விளிம்பிலோ, ரப்பர் ஓடும் இடத்திலோ நிறுத்தலாம். அங்கே கோடு விழுந்தாலும் கண் தேடாது. மைனரின் பானெட்டில் நடு முகடு ஒன்று முன்னும் பின்னுமாக ஓடுகிறது. எங்கள் விளிம்பு அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது, கோடு பளிச்சென்று தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வரும் உலர்ந்த மாதங்களில் பானெட்டைக் கழற்றி, இரண்டு முக்காலி மேல் கவிழ்த்து, பின்பாதியையும் தகரம் வரை எடுப்பது என்று பேசி முடிவாகியிருக்கிறது. சாயம் உரிக்கும் திரவம் வேண்டாம், மடிப்புக்குள் தங்கி பிறகு புதுச் சாயத்தைக் கிளப்பும் என்கிறார் மச்சான். தண்ணீரும் 80 நம்பர் சேண்ட் பேப்பரும் தான், உரித்த அன்றே காயவைத்து எபோக்சி. பூட்டின் சிவப்பு நூலுக்கு அந்த மேட்டை மட்டும் தேய்த்து எபோக்சி தொட்டு அடித்தால் போதும். சில்லுக்கு வெல்டிங்காரர் தேதி கொடுத்திருக்கிறார், சித்திரைக்குப் பிறகுதான் வர முடியுமாம்.